டைட்டிலில் பெயர் இல்லாதவர்கள்

தேனிப் பக்கத்துக்காரர்களிடம் சினிமாப் பேச்சை எடுத்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம். அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா, பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா, வடுகபட்டியிலிருந்து வைரமுத்து என்று விரல் மடக்க ஆரம்பித்துவிடுவோம். போடிக்காரர்களாக இருந்தால் ஒரு படி மேலே போய், குரங்கணியில் எந்தப் பாறைமேல் எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்று கூட்டிப்போய்க் காட்டுவோம். 1989-இல் ஜெயலலிதாவை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி போடிநாயக்கனூர் என்பதையும் சினிமாக் கணக்கிலேயே எழுதிக்கொள்வோம்.

இவ்வளவு பெருமை பேசுகிற நாங்கள் ஒரு வேலையைச் செய்யவே இல்லை. 1940-லிருந்து 1960 வரைக்கும் வந்த ஹாலிவுட் படங்களில் சிலது மலைத்தோட்டத்தைப் பற்றியவை, கூலிக்காரர்களைப் பற்றியவை, நிலம் இழந்து ஊர் ஊராகப் போன குடும்பங்களைப் பற்றியவை. ஏலமலைச் சரிவில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் அவற்றைத் தேடிப் பார்க்கவில்லை. பார்த்த சிலதிலும் நடிகையைப் பார்த்தோம், குதிரையைப் பார்த்தோம், பாலம் வெடிப்பதைப் பார்த்தோம். ‘நாங்கள்’ என்று இங்கே வருகிற இடத்திலெல்லாம் போடி, தேனி, கம்பம் பக்கத்தில் படம் பார்த்து, படம் பேசி, படம் பற்றி எழுதி, திரையிடல் நடத்தவும் செய்த எல்லாரும் சேர்த்தி. பட்டியலில் என்னையும் எழுதிக்கொள்ளலாம்.

‘எலிஃபண்ட் வாக்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1954-இல் பாரமவுண்ட் வெளியிட்ட கலர் படம்; டைரக்டர் வில்லியம் டீட்டர்லே. கதை நடப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தை உண்டாக்கிய வெள்ளைக்காரர், ஆனைகள் தண்ணிக்குப் போகிற தடத்தை மறித்துப் பங்களா கட்டிவிடுகிறார். அவர் செத்த பிறகும் ஆனைகள் தடத்தை மறக்கவில்லை. மதில் வரைக்கும் வந்து வந்து திரும்புகின்றன. அப்பன் கட்டிய வீட்டில் அப்பன் நினைப்பிலேயே வாழ்கிற மகனாகப் பீட்டர் ஃபின்ச். சீமையிலிருந்து கல்யாணம் முடித்து வருகிற மனைவியாக எலிசபெத் டெய்லர். அவள்மேல் மனம் வைக்கிற மானேஜராக டானா ஆண்ட்ரூஸ். மழை பொய்க்கிறது. தோட்டத்தில் காலரா விழுகிறது. மதிலில் காவல் நிற்க ஆளில்லாத நேரத்தில் ஆனைக்கூட்டம் உடைத்துக்கொண்டு உள்ளே புகுகிறது. பங்களா நொறுங்கி, பற்றி எரிகிறது.

இந்தப் படத்தைப் பற்றி எங்களில் பலருக்கு ஒரு துணுக்கு தெரியும். நாயகியாக முதலில் நடித்தவர் விவியன் லீ. 1953-இல் இலங்கையில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவருக்கு மனநிலை பாதித்து விலக நேர்ந்தது. அவருடைய இடத்துக்கு டெய்லர் வந்தார். தூரத்தில் எடுத்த சில காட்சிகளில் இன்றைக்கும் தெரிவது விவியன் லீயின் உருவம்தான். எந்த ஷாட்டில் எந்த நடிகை என்று உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கண் எங்களுக்கு இருந்தது. அதே ஷாட்டில் பின்னால் இருக்கிற தோட்டத்தின்மேல் அந்தக் கண் நிற்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் யார் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக ஆக்கியது. கேமராவைத் தூக்கிக்கொண்டு பாரமவுண்ட் ஆட்கள் போய் இறங்கியது அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்துத்தான். படத்துக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. தோட்டத்து ஜனம் அதில் கூட்டமாக வருகிறது, காலராவில் சாகிறது. ஹாலிவுட்டின் அலட்சியத்தை மன்னித்துவிடலாம், அவர்களுக்கு அது அந்நிய நாடு. எங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இது எழுபது வருஷத்துப் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். போடிமெட்டு ஏறி, பூப்பாறையைத் தாண்டிப் போனால் சின்னக்கானல். பக்கத்தில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். 2023-இல் தமிழ்நாடும் கேரளமும் பேசிப் பேசி ஓய்ந்த அரிக்கொம்பன் அந்தக் காட்டு ஆனைதான். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த ஆனை என்பதால் வந்த பெயர். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துத் தள்ளி லாரியில் ஏற்றி, பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. 144 தடையுத்தரவு போட்டார்கள். ஜூன் 5 அன்று மறுபடியும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் சினிமா தெரிந்த நாங்கள் செய்தது என்ன? வீடியோவுக்குப் பின்னணி இசை சேர்த்தோம். மாஸ் ஹீரோ என்ட்ரி மாதிரி வெட்டி ஒட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

‘எலிஃபண்ட் வாக்’கை அப்போது நாலு பேர் சேர்ந்து மறுபடி பார்த்திருந்தால் ஒரு விஷயம் உறைத்திருக்கும். படத்தில் தடத்தை மறிப்பது ஒரு பணக்காரரின் அகங்காரம்; பங்களா எரிந்ததும் மகன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கப் போகலாம். சின்னக்கானலில் 301 காலனி என்கிற இடத்தில், ஆனைகள் நடமாடுகிற வழியில், நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். எரிந்தால் எழுந்து போவதற்கு அவர்களுக்கு வேறு பங்களா இல்லை. ஆனையைத் திட்டியவர்களும் ஆனைக்காகக் கண்ணீர் விட்டவர்களும் இந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. ஒரு பழைய படத்தைச் சரியாகப் பார்ப்பது என்பது அதில் இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துப் பார்ப்பது. அந்தப் பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை.

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ விஷயத்தில் குற்றம் இன்னும் பெரியது. ஏனென்றால் அதை நாங்கள் பார்த்தோம், கொண்டாடினோம். 1957 படம், டேவிட் லீன் டைரக்‌ஷன், ஏழு ஆஸ்கர். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்த விசில் மெட்டு தெரியும். அதையும் இலங்கையில்தான் எடுத்தார்கள், கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றில். ஜப்பானியர்கள் 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைதான் கதைக்களம். அங்கே வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் அளவில் இருக்கலாம் என்கிறார்கள். செத்தவர்கள் 90,000 வரைக்கும் என்று மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அதில் பல்லாயிரம். ‘சயாம் மரண ரயில்’ என்று மலேசியத் தமிழர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

படத்தில் அந்தத் தமிழர்கள் இல்லை. ஒரு முகம், ஒரு தலைப்பாகை, ஒரு குரல் கிடையாது. பாலம் கட்டுவது முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அலெக் கின்னஸின் நடிப்பைப் பற்றி நாங்கள் எவ்வளவு பேசியிருப்போம்! பாலம் உண்மையாகவே கட்டி, உண்மையாகவே வெடித்தது, ரயில் உண்மையாகவே ஆற்றில் விழுந்தது என்று எவ்வளவு வியந்திருப்போம்! ‘இதில் நம் ஆட்கள் எங்கே’ என்று கேட்கத் தோன்றவில்லை. தென் தமிழ்நாட்டில் மலாயா போன தாத்தா, சிலோன் போன பாட்டி என்று பேசாத ஊர் அபூர்வம். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அதே வீட்டுப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு வந்தோம்.

நம் சினிமாவும் இதில் சளைத்ததில்லை. அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த முதல் தமிழ்ப் படம் ‘சதி லீலாவதி’, 1936. எம்.ஜி.ஆரின் முதல் படம் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் நாயகன் இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான் என்பது யாருக்கு நினைவிருக்கிறது? ஆரம்பத்தில் இருந்த அந்தத் தோட்டம் பின்னால் காணாமல் போனது. ஹாலிவுட்டிலிருந்து நாம் இறக்கியது வேறு சரக்கு. ‘தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்’கிலிருந்து ‘உத்தம புத்திர’னுக்கு இரட்டை வேடம் வந்தது. ‘தி பிரிஸனர் ஆஃப் செண்டா’விலிருந்து ‘நாடோடி மன்ன’னுக்கு ஆள்மாறாட்டம் வந்தது. ‘கம் செப்டம்பர்’ 1966-இல் ‘அன்பே வா’ ஆனபோது இத்தாலி வில்லா சிம்லா பங்களாவானது. மலை என்பது பணக்காரர் ஓய்வெடுக்கப் போகிற இடம், காதலர்கள் ஓடிப்பிடித்து விளையாடுகிற இடம் என்று ஆகிவிட்டது. (சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 1952-இல் எடுத்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’, இன்னொரு விநோதம். ஆனைக்குச் சடை ஒட்டி ஆதிகால மம்மூத் என்று காட்டினார்கள். அதைக்கூட நாம் சிரிப்பதற்காகவாவது பாதுகாத்து வைத்துப் பார்க்கவில்லை.)

ஏன் இப்படி விட்டோம்? ஆங்கிலம் புரியவில்லை என்பது பாதி உண்மை. போடியிலிருந்து ரயிலேறி மதுரைக்குப் போய், ஸ்டேஷன் பக்கத்து ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்துத் திரும்பிய தலைமுறை ஒன்று இருந்தது. வாத்தியார்கள், எஸ்டேட் கிளார்க்குகள், ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளைகள். வசனம் பாதி புரியாமலே கதையை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைத்தோமா? இல்லை. பின்னால் வந்த காலத்தில் எங்கள் ஊர்களில் ‘இங்கிலீஷ் படம்’ என்றாலே சண்டைப்படம், இல்லாவிட்டால் வீட்டில் சொல்லாமல் போகிற காலைக்காட்சி. படித்தவர்கள் நிலைமை வேறு மாதிரி. புத்தகத்தில் சினிமா கற்ற நாங்கள், ஹாலிவுட் என்றாலே முதலாளித்துவக் கனவுத் தொழிற்சாலை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டோம். திரையிடல் என்றால் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘பதேர் பாஞ்சாலி’. நல்ல படங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ஜாபிதாவைத் திருப்பித் திருப்பி ஓட்டினோம். சாமானியர்கள் ஹாலிவுட்டைப் பொழுதுபோக்கு என்று விட்டார்கள், அறிவாளிகள் அதே காரணத்துக்காகக் கேவலம் என்று விட்டார்கள். இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ வருகிறது. எங்கள் தப்பு அப்பட்டமாகத் தெரிவதும் இங்கேதான். 1954-இல் வந்த இந்தப் படத்தை ஹாலிவுட் எடுக்கவில்லை, ஹாலிவுட் துரத்திவிட்டவர்கள் எடுத்தார்கள். டைரக்டர் ஹெர்பெர்ட் பைபர்மேன், கம்யூனிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன ஹாலிவுட் பத்துப் பேரில் ஒருவர். தயாரித்த பால் ஜாரிகோ, எழுதிய மைக்கேல் வில்சன் இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். இதே வில்சன்தான் குவாய் படத்தின் திரைக்கதையிலும் வேலை செய்தவர். பெயர் போட முடியாததால் அந்த ஆஸ்கர் நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. வில்சனுக்கும் இன்னொரு எழுத்தாளர் கார்ல் ஃபோர்மனுக்கும் அதை 1984-இல்தான் கொடுத்தார்கள். அதற்குள் இருவருமே இறந்துவிட்டார்கள்.

நியூ மெக்ஸிகோவில் ஒரு துத்தநாகச் சுரங்கத்தில் 1950-லிருந்து 1952 வரைக்கும் பதினைந்து மாதம் நடந்த வேலைநிறுத்தம்தான் கதை. தொழிலாளிகள் மெக்ஸிகோ வம்சாவளி. சுரங்க வாசலில் மறியல் செய்யக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வருகிறது. உத்தரவு தொழிலாளிகளுக்குத்தானே, எங்களுக்கு இல்லையே என்று பெண்டாட்டிகள் வந்து மறியலில் நிற்கிறார்கள். அவர்களை அடிக்கிறார்கள், ஜெயிலில் போடுகிறார்கள்; அவர்களும் கைப்பிள்ளையோடு போகிறார்கள். புருஷன்மார் வீட்டில் துணி துவைத்து, விறகு வெட்டி, வெந்நீர் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் வேண்டும் என்று பெண்கள் முன்னால் கேட்டபோது, சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அதைக் கடைசியில் தள்ளியவர்கள் இதே ஆண்கள். அந்தக் காட்சிகளில் சிரிப்பும் உண்டு, உறைப்பும் உண்டு. நாயகி எஸ்பெரான்ஸாவாக நடித்த மெக்ஸிகோ நடிகை ரொசாவ்ரா ரெவ்வெல்டாஸைப் படப்பிடிப்பு முடிவதற்குள் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்து நாட்டை விட்டு அனுப்பினார்கள். அவருக்குக் கணவராக நடித்தவர் உண்மையிலேயே அந்தச் சுரங்கச் சங்கத் தலைவர். லேப்கள் ஃபிலிமைக் கழுவ மறுத்தன, ஆபரேட்டர்கள் ஓட்ட மறுத்தார்கள். அமெரிக்காவில் சுமார் ஒரு டஜன் தியேட்டரில்தான் ஓடியது.

இப்போது 2015 செப்டம்பரில் மூணாறு. போடியிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில், ஒன்பது நாள். சங்கத் தலைவர்களைக் கிட்ட விடவில்லை; ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அப்போது அவர்கள் தினக்கூலி 232 ரூபாய். ‘பெண்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே அறையும் ஒரு சமையல் மூலையுமாக இருக்கிற லயத்து வீடுகளைப் பற்றி அவர்கள் பேசியதும், எஸ்பெரான்ஸா வெந்நீர்க் குழாய் கேட்டதும் ஒரே பேச்சு. கேட்ட போனஸ் தொகை கடைசியில் கிடைத்தது. நாட்டில் இருக்கிற பத்திரிகைகள் எல்லாம் எழுதின. மலைக்கு இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, உலக சினிமா பேசுகிற நாங்கள், அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்களைப் பற்றியே எடுத்தாற்போல ஒரு படம் இருக்கிறது என்று அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. ஒரு வேட்டியைக் கட்டி ஒரு புரொஜெக்டரை வைத்திருந்தால் முடிந்திருக்கும். பொட்டெம்கினை ஓட்டிய எங்களுக்கு இது தோன்றவில்லை என்பதைவிட, தெரியவே தெரியாது என்பதுதான் உண்மை. ஹாலிவுட்டை மொத்தமாகத் தள்ளியபோது அதன் எதிரிகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம்.

ஜான் ஃபோர்டின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ பற்றி நீட்டப் போவதில்லை. 1940 படம், நிலத்தை இழந்த ஒரு குடும்பம் ஓட்டை லாரியில் கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறது. எண்ணூறு ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள், பல மடங்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், கூலி இறங்குகிறது. விடியும் முன்னே சிலமலை, தேவாரம், கோம்பைப் பக்கமிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த லாரி அந்நியமாக இருக்காது. அந்த ஜீப்புக்கு வழிவிட்டு நின்றுவிட்டு, அடுத்த வளைவில் இறங்கி செல்ஃபி எடுத்திருக்கிறோம்.

கடைசியில் எங்கள் மலையைப் பற்றி எங்கள் ஆளே ஒரு படம் எடுத்தார். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2018 ஆகஸ்ட் 24-இல் வந்தது. தயாரிப்பு விஜய் சேதுபதி, இசை இளையராஜா. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலை இறங்குகிற ஒருவன் ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். முடிவில் அதே நிலத்தில் நிற்கிற காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். ஃபோர்டின் படத்தை அறிந்த ஒரு ரசிகர் கூட்டம் இங்கே இருந்திருந்தால், இந்தப் படம் எந்த வரிசையில் உட்காரத்தக்கது என்று உரக்கச் சொல்லியிருக்கும். விமர்சகர்கள் சொன்னார்கள். ஊர்க்காரர்களான நாங்கள் பெரிய ஸ்டார் படத்துக்குக் கட்டுகிற கட்-அவுட்டில் நாலில் ஒரு பங்கு உற்சாகத்தைக்கூட அதற்குக் காட்டவில்லை.

பழைய ஹாலிவுட்டைத் தொழ வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதில் இனத்திமிர் உண்டு, கீழைநாட்டைப் பற்றிய அபத்தக் கற்பனை உண்டு, கறுப்பு மனிதனைக் கூட்டமாகவும் வெள்ளை மனிதனை ஆளாகவும் காட்டுகிற புத்தி உண்டு. மறுபடி பார்க்கச் சொல்வது அதற்காகவும் சேர்த்துத்தான். ‘எலிஃபண்ட் வாக்’கில் முன்னால் நிற்கிற டெய்லரை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். குவாய் படத்தில் இல்லாதவர்களை எண்ணுங்கள்.

‘சால்ட் ஆஃப் தி எர்த்’ 94 நிமிஷம் ஓடும். அமெரிக்காவில் அதன் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. தமிழில் சப்டைட்டில் எழுதத் தெரிந்தவர்கள் போடியிலும் தேனியிலும் இருக்கிறார்கள். தோட்டத்துக்கு ஜீப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பெண்கள் முன்வரிசையில் உட்காரும்படி யாராவது ஏற்பாடு செய்யுங்கள். சப்டைட்டில் வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.